வெளிநாட்டு கிளையன்ட், நம்ம ஊர் ராத்திரி: டிசைனர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக்காரர்களுக்கு லோகோ, பேக்கேஜிங், வெப்சைட் டிசைன் செய்து கொடுப்பது என் தொழில். கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி என்று கரையோர ஊர்களில் இதே வேலையில் இறங்கியிருக்கும் தம்பி தங்கைகள் எனக்குப் போன் போட்டால் இல்லஸ்ட்ரேட்டர், ஃபிக்மா மாதிரி டிசைன் மென்பொருளைப் பற்றிக் கேட்பது குறைவு. "ராத்திரி ரெண்டு மணிக்கு கால் போடுறாங்கக்கா", "பதினோராவது தடவையா கலரை மாத்தச் சொல்றாகக்கா" என்பதுதான் அதிகம். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"எல்லை போடு, எல்லை போடுன்னு சொல்றீங்க. அப்படின்னா கிளையன்ட்கிட்ட 'முடியாது'ன்னு சொல்லணுமா?"

'முடியாது' என்று சொல்லும் நிலைமை வராமல் பார்த்துக்கொள்வதுதான் எல்லை. வேலை தொடங்கும் முன்பே கோட்டேஷனில் சில விஷயங்களை எழுதிவிட வேண்டும்: எந்த நேரத்தில் பதில் சொல்வேன், எந்த வழியில் பேசலாம், என்னென்ன செய்து தருவேன், எத்தனை முறை திருத்துவேன், பணம் எப்போது வர வேண்டும். ஒரு பக்கத்துக்குள் அடங்கும். இதை எழுதாமல் வேலையை ஆரம்பித்துவிட்டு, மூன்றாவது வாரம் கோபத்தில் சொன்னால் அது சண்டை. முதல் நாள் சொன்னால் அது வெறும் தகவல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கீழே பல பதில்களில் இது திரும்ப வரும். நான் பார்த்த வரையில் முக்கால்வாசி கிளையன்ட்கள் வேண்டுமென்று வரம்பு மீறுவதில்லை. நாம் முதல் வாரத்தில் எப்படி நடந்துகொள்கிறோமோ அதையே வழக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நடுராத்திரி பதில் போட்டால் 'இந்தப் பெண் நடுராத்திரியும் வேலை பார்ப்பாள்' என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்கள்மேல் தப்பில்லை.

"அவங்களுக்குப் பகல்னா நமக்கு ராத்திரி. அப்போ முழிச்சுத்தானக்கா ஆகணும்?"

வேண்டியதில்லை. டிசைன் வேலையில் பெரும்பகுதி தனியாக உட்கார்ந்து செய்வது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டியது வாரத்துக்கு ஓரிரு மணி நேரம்தான். அந்த ஓரிரு மணி நேரத்தைத் தேடிப் பிடித்தால் போதும்.

கணக்கைப் பாருங்கள். நியூயார்க் கோடையில் நமக்கு 9.30 மணி நேரம் பின்னால். அங்கே காலை 9 என்றால் இங்கே மாலை 6.30. ஆக 6.30 முதல் 9 வரை பேசிக்கொள்ளலாம். லண்டன் இன்னும் சுலபம், கோடையில் அவர்களுடைய காலை 9 நமக்குப் பிற்பகல் 1.30. துபாய்க்கு ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான். சிட்னி நமக்கு முன்னால் ஓடுகிறது, நாலரை மணி நேரம் அல்லது ஐந்தரை. அவர்களுடைய மாலை 4 மணிக்கு நாம் காலைக் காப்பியை முடித்துவிட்டு வேலையில் இருப்போம்.

கலிஃபோர்னியாவில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். கோடையில் 12.30 மணி நேரம், குளிர்காலத்தில் 13.30. அவர்களுடைய காலையைக் கேட்டால் நமக்கு இரவு 9.30க்கு மேல் ஆகிவிடும். அதனால் காலையைக் கேட்காதீர்கள், மாலையைக் கேளுங்கள். கோடையில் அங்கே மாலை 6 மணி நமக்கு மறுநாள் காலை 6.30. வாசல் தெளித்து முடித்த கையோடு பேசிவிடலாம். "உங்கள் நாள் முடியும் நேரத்தில் பேசினால், நீங்கள் தூங்கி எழுவதற்குள் வேலை நகர்ந்திருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்னவர்களில் பெரும்பாலானவர்கள் சரி என்றுதான் சொன்னார்கள்.

"போன வாரம் ஏழு மணிக்கு வந்த ஆளு இந்த வாரம் எட்டு மணிக்கு வர்றாரு. நான்தான் தப்பா குறிச்சிட்டேனா?"

நீங்கள் சரியாகத்தான் குறித்திருக்கிறீர்கள். அவர்கள் கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள். அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி வைப்பார்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. சிட்னி, மெல்போர்ன் பக்கம் தலைகீழ்: அக்டோபர் முதல் ஞாயிறு தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறு திருப்புவார்கள். துபாய், சிங்கப்பூர் நம்மைப் போலத்தான், மாறுவதில்லை. நியூயார்க்காரருடன் கோடையில் மாலை 7 மணிக்குப் பேசினால் நவம்பரில் அது தானாக 8 ஆகிவிடும்.

இதனால்தான் எல்லையை நம் நேரத்தில் சொல்ல வேண்டும். "இந்திய நேரம் இரவு 9 மணிக்கு மேல் கால் இல்லை" என்று எழுதிவிட்டால் அவர் கடிகாரம் எங்கே போனாலும் அது நகராது. மெயிலில் இந்திய நேரத்தைக் குறிக்க ஐ.எஸ்.டி. (IST) என்று மட்டும் போடாதீர்கள். அயர்லாந்துக்காரரும் இஸ்ரேல்காரரும் தங்கள் நேரத்துக்கு அதே மூன்று எழுத்தைத்தான் போடுகிறார்கள். "சென்னை நேரம் மாலை 7, நியூயார்க் நேரம் காலை 9.30" என்று இரண்டு ஊரையும் எழுதுங்கள். "வெள்ளிக்கிழமை மாலைக்குள்" என்று டெட்லைன் சொன்னாலும் எந்த ஊர் மாலை என்று கேளுங்கள். கோடையில் நியூயார்க்கின் வெள்ளி மாலை 5 மணி நமக்கு சனி அதிகாலை 2.30. அதைத் தெரியாமல் வெள்ளி மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து முடித்துக் கொடுத்த பிள்ளைகள் உண்டு.

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் வருது. தெரியாம தொறந்துட்டேன், ப்ளூ டிக் விழுந்துருச்சு. பதில் போடலைன்னா தப்பா நெனைக்க மாட்டாகளா?"

அவருக்கு அது மத்தியானம். ஞாபகம் வந்ததைத் தட்டிவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். உடனே பதில் வரும் என்று அவர் காத்திருக்கவில்லை, நீங்கள் போட்டால்தான் அடுத்த முறை காத்திருப்பார்.

வழி சுலபம். வேலைக்கு ஒரு தனி நம்பர், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். அதில் வேலை நேரத்தைக் குறித்து வைத்து, அந்த நேரத்துக்கு வெளியே வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகும்படி செய்யலாம். "செய்தி கிடைத்தது, இந்திய நேரம் காலை 10 மணிக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி போதும். ப்ளூ டிக்கையும் செட்டிங்கில் நிறுத்திவிடுங்கள். முக்கியமான முடிவு எதுவாக இருந்தாலும் மெயிலில் வரட்டும். "வாட்ஸ்அப்பில் சொன்னதை மெயிலிலும் ஒருமுறை அனுப்பினால் விட்டுப்போகாது" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாய்ஸ் மெசேஜில் நாலு நிமிஷம் பேசி அனுப்புகிறவர்களுக்கு மட்டும் நானே மெயிலில் சுருக்கி எழுதி, "இதுதானே?" என்று கேட்டுவிடுவேன்.

"ரிவிஷன் எத்தனைன்னு போடறது? ரெண்டா, மூணா?"

எண்ணிக்கை பெரிய விஷயமில்லை. நான் லோகோவுக்கு இரண்டு, பேக்கேஜிங்குக்கு மூன்று என்று வைத்திருக்கிறேன். எது ஒரு ரிவிஷன் என்று சொல்வதில்தான் எல்லாமே இருக்கிறது. அதைச் சொல்லாமல் 'மூன்று ரிவிஷன்' என்று எழுதினால், திங்கட்கிழமை ஒரு மெயில், செவ்வாய் இரண்டு, புதன் அவர் மனைவியிடமிருந்து ஒன்று என்று பத்து மெயில் வந்து, "இதெல்லாம் சேர்த்து ஒண்ணுதானே" என்பார்.

ஒரு உதாரணம். கனடாவில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடைக்கு ஊறுகாய் பாட்டில் லேபிள் செய்கிறீர்கள் என்று வையுங்கள். "எழுத்தைப் பெரிதாக்கு", "சிவப்பைக் கொஞ்சம் அடக்கு", "மிளகாய் படத்தை இடப்பக்கம் வை" என்பதெல்லாம் திருத்தம். "மிளகாய் வேண்டாம், மாங்காய் படம் போடு" என்பது எல்லைக்கோட்டின் மேல் நிற்கிறது. "யோசித்துப் பார்த்தோம், கடைப் பெயரையே மாற்றிவிட்டோம்" என்றால் அது புது வேலை, புது கோட்டேஷன். இந்த மூன்று வகையையும் அவர் வேலைக்குப் பொருந்துகிற உதாரணத்தோடு கோட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.

கூடவே இரண்டு விதி. எல்லாக் கருத்தும் ஒரே மெயிலில், எண் போட்டு வர வேண்டும். அனுப்புகிறவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். கடை முதலாளி, பங்காளி, மார்க்கெட்டிங் பிள்ளை என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால், அவர்களுக்குள் பேசி முடித்து ஒருவர் அனுப்பட்டும். அவர்கள் வீட்டுப் பஞ்சாயத்தைத் தீர்ப்பது டிசைனர் வேலை இல்லை.

"'சின்ன வேலைதான், அஞ்சு நிமிஷம்'னு சொல்றாங்க. அதுக்கும் காசு கேட்டா அல்பமா நெனைக்க மாட்டாங்களா?"

முதல் ஐந்து நிமிஷத்தை இலவசமாகச் செய்யலாம், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. இன்வாய்ஸில் அதைத் தனி வரியாகப் போடுங்கள்: "இன்ஸ்டாகிராம் பேனர், ஆறு அளவு, 40 டாலர்". அதற்குக் கீழே "இம்முறை கட்டணமில்லை, கழிவு 40 டாலர்". மொத்தத் தொகை மாறாது. ஆனால் அந்த வேலைக்கு ஒரு விலை உண்டு என்று அவர் பார்த்துவிட்டார். அடுத்த முறை கேட்கும்போது அவரே "இதுக்கு எவ்வளவு?" என்று ஆரம்பிப்பார். சத்தமில்லாமல் செய்து கொடுத்த உதவி அவர் கணக்கில் ஏறவே ஏறாது.

"நாளைக்குக் காலையிலயே வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. என்ன செய்ய?"

முதலில், அவருடைய 'நாளைக் காலை' எது என்று பாருங்கள். நியூயார்க்காரர் என்றால் அது நமக்கு நாளை மாலை, ஒரு முழுப் பகல் கையில் இருக்கிறது. பாதி அவசரம் இந்தக் கணக்கிலேயே தீர்ந்துவிடும்.

நிஜமாகவே அவசரம் என்றால் அவசரக் கட்டணம். வழக்கமான தொகையோடு பாதி சேர்த்துக் கேட்பது என் பழக்கம், அதையும் கோட்டேஷனில் முன்கூட்டியே எழுதியிருப்பேன். தொகையைக் கேட்டதும் "சரி, வியாழக்கிழமை வந்தால் போதும்" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

"அட்வான்ஸ் கேட்டா ஓடிப்போயிருவாங்களோன்னு பயமா இருக்கு."

ஓடுகிறவர் பிறகும் ஓடுவார், அப்போது உங்கள் டிசைனையும் கையில் எடுத்துக்கொண்டு. புது ஆளிடம் பாதித் தொகை முன்னால், மீதி கடைசிக் கோப்பைக் கொடுக்கும் முன்னால். சின்ன வேலை என்றால் முழுத் தொகையும் முன்னால். பெரிய வேலையை மூன்று நான்கு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பணம். "வேலை தொடங்கும் நாள் என்பது அட்வான்ஸ் வந்து சேர்ந்த நாள்" என்ற வரியை மறக்காமல் சேருங்கள். 'ஓகே' என்று மெயில் போட்ட நாளிலிருந்து அவர் டெட்லைன் எண்ணிக்கொண்டிருப்பார், பணம் வந்திருக்காது.

டிசைனர்களையும் கிளையன்ட்களையும் இணைக்கும் அப்வொர்க் மாதிரித் தளங்களில் மொத்தத் தொகை பேசிச் செய்யும் வேலை என்றால், அந்தக் கட்டத்துக்கான பணத்தை கிளையன்ட் முதலில் தளத்தில் கட்டியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நீங்கள் வேலையைச் சமர்ப்பித்து 14 நாளுக்குள் அவர் எதுவும் சொல்லாவிட்டால் பணம் தானாக விடுவிக்கப்படும். நேரடி கிளையன்ட் என்றால் வைஸ், பேயோனியர், பேபால் என்று வழிகள் இருக்கின்றன. பேபால் இந்தியாவுக்குள்ளான சேவையை 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்குத் தடையில்லை. ஆனால் பணம் கட்டியவர் 180 நாள் வரை அதில் தகராறு எழுப்பலாம். அதனால் ஒப்புதல் மெயில்களை அழிக்காமல் வைத்திருங்கள். எந்த வழியில் வந்தாலும் வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள், ஆடிட்டர் கேட்பார்.

"இன்வாய்ஸ்ல ஜிஎஸ்டி போடணுமா?"

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை பதிவே கட்டாயமில்லை. பதிவு செய்தவர்கள் எல்.யூ.டி. என்ற உறுதிமொழியைத் தாக்கல் செய்துவிட்டால் ஏற்றுமதிச் சேவைக்கு வரி கட்டாமலே இன்வாய்ஸ் போடலாம். இதற்கு மேல் ஆடிட்டரிடம் கேளுங்கள், ராமநாதபுரத்திலேயே நல்லவர்கள் இருக்கிறார்கள்.

"எங்க காக்காவோட கூட்டாளி துபாய்ல கடை வச்சிருக்காரு. 'தங்கச்சிதானே, ஒரு லோகோ போட்டுக் குடு'ன்னு காக்கா சொல்லிட்டாரு. எப்படிக்கா காசு கேக்குறது?"

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்காத நாளில்லை (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்). வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு இந்தக் கரையில் குறைவு. ஆக, முதல் வெளிநாட்டு கிளையன்ட் சொந்தத்தின் வழியாகத்தான் வருவார். அதில் நன்மையும் உண்டு, பணம் போகாது. ஆனால் வேலைக்குக் கரை இருக்காது. லோகோ என்று ஆரம்பித்து, பெயர்ப்பலகை, மெனு, டெலிவரி பை, வண்டி ஸ்டிக்கர் என்று போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டே வழிதான். பரிசாகக் கொடுப்பதென்றால் அளவு சொல்லிக் கொடுங்கள்: "காக்கா, அவங்க கடைத் திறப்புக்கு என் பரிசா ஒரு லோகோ, ரெண்டு தடவை திருத்தித் தர்றேன். மத்த வேலைக்கு அவங்ககிட்டயே பேசிக்கிறேன்." தொழிலாகச் செய்வதென்றால் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கோட்டேஷன், அதில் சொந்தக்காரக் கழிவைத் தனி வரியாகக் காட்டுங்கள். முன்பு சொன்ன அதே உத்திதான். எப்படியானாலும் கடைக்காரரின் நம்பரை வாங்கி நேரடியாகப் பேசுங்கள். காக்காவை நடுவில் வைத்தால், 'பச்சை கொஞ்சம் தூக்கலா' என்று கடைக்காரர் சொன்னது உங்களிடம் 'பச்சை வேணாமாம்' என்று வந்து சேரும். பிறகு பெருநாள் சாப்பாட்டில் மனஸ்தாபம்.

வார விடுமுறையையும் கவனியுங்கள். அமீரகத்தில் 2022 ஜனவரியிலிருந்து அரசு அலுவலகங்களுக்கு சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள். தனியாரில் பெரும்பாலானவர்கள் அதையே பின்பற்றுகிறார்கள். சவுதியில் வெள்ளி, சனி விடுமுறை. சவுதிக்காரருக்கு ஞாயிறு வாரத்தின் முதல் வேலை நாள், உங்களுக்கு அது ஓய்வு நாள் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"கரண்ட் இல்ல, நெட் இல்லன்னா நம்புவாங்களா? சாக்குன்னு நெனைப்பாங்களே."

நடந்த பிறகு சொன்னால் சாக்கு மாதிரித்தான் தெரியும். நடக்கும் முன் சொல்லிவிடுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு முந்தின நாளே பேப்பரில் வந்துவிடுகிறது. காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது என்று தெரிந்தால் அன்றைக்குக் கால் எதுவும் வைக்காதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதை வேறு. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் இன்வெர்ட்டரும் உதவாது, டவரும் உதவாது. அந்த மூன்று மாதமும் நான் கோட்டேஷனில் எல்லா டெட்லைனுக்கும் சில நாள் கூடுதலாகவே கேட்பேன், காரணத்தை ஒரே வரியில் "எங்கள் கடற்கரைக்கு இது புயல் காலம்" என்று எழுதிவிடுவேன். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய செய்தி வந்ததும், நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் அன்றைய நிலையை ஆன்லைன் டிரைவில் ஏற்றிவிட்டு கிளையன்ட்டுகளுக்கு மெயில் போடுங்கள்: வேலை எது வரை வந்திருக்கிறது, கோப்பு எங்கே இருக்கிறது, இரண்டு நாள் தொடர்பு இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டாம் என்று. புளோரிடாவில் இருக்கிற ஒரு கிளையன்ட் இந்த மெயிலுக்கு, தங்கள் ஊர் சூறாவளிக் கதையைப் பதிலாக எழுதினார். அதன் பிறகு அவர் டெட்லைன் விஷயத்தில் என்னை நெருக்கியதே இல்லை.

"வீட்ல யாரும் இதை வேலையாவே நெனைக்கலக்கா. பகல்ல தூங்குனா 'பொம்பளப் புள்ள பத்து மணி வரைக்கும் தூங்குது'ங்கிறாங்க. முழிச்சிருந்தா ரேஷனுக்குப் போ, சிலிண்டர்காரன் வருவான் பாருங்கிறாங்க."

கிளையன்ட்டை விட இதுதான் கஷ்டமான எல்லை. கிளையன்ட்டுக்கு மெயில் அனுப்பலாம், அம்மாவுக்கு கோட்டேஷன் கொடுக்க முடியாது.

இதைக் கேட்ட தங்கச்சிமடத்துத் தங்கையின் அப்பா விசைப்படகில் போகிறவர். கடலுக்குப் போய்விட்டு விடியற்காலையில் கரை திரும்பி, பகலில் தூங்குவார். அவர் தூங்கும்போது அந்த வீட்டில் டிவி சத்தம்கூட வைக்க மாட்டார்கள். "அப்பா தூங்குற மாதிரித்தான் நானும் தூங்குறேன், நேத்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் எனக்கு வேலை" என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். முதல் மாதம் எடுபடவில்லை. இரண்டாவது மாதம் வீட்டு கரண்ட் பில்லையும் தம்பியின் ஃபீஸையும் அவள் கட்டினாள், எடுபட்டது. நியாயமில்லைதான், பையனாக இருந்திருந்தால் முதல் நாளே எடுபட்டிருக்கும். ஆனால் நடப்பு அதுதான்.

நடைமுறையில் இரண்டு செய்யலாம். முழு நாளையும் பாதுகாக்கப் பார்க்காமல், காலை 10 முதல் 1 வரை, மாலை 6.30 முதல் 9 வரை என்று இரண்டு துண்டை மட்டும் பிடிவாதமாகப் பிடியுங்கள். இடைப்பட்ட நேரத்தில் ரேஷனோ சிலிண்டரோ சந்தோஷமாகச் செய்யுங்கள். கால் இருக்கும் நாளில் காலையிலேயே சொல்லிவிடுங்கள், "ஏழு மணிக்கு லண்டன்காரங்க பேசுவாங்க, மிக்சி போடாதீங்க" என்று. ஊர் பெயர் சொன்னால் மரியாதை கொஞ்சம் கூடுகிறது, ஏனோ.

"பொங்கல், பெருநாள், திருவிழா எல்லாத்துக்கும் லீவு கேட்டா என்ன நெனைப்பாங்க?"

நீங்கள் கேட்கவே வேண்டாம், சொன்னால் போதும். ஜனவரியிலேயே அந்த வருடத்து விடுமுறை நாட்களை எல்லா கிளையன்ட்டுக்கும் ஒரு பட்டியலாக அனுப்பிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் முன்னால் ஞாபகப்படுத்துங்கள். பெருநாள் பிறை பார்த்து முடிவாவதால் இரண்டு நாளையும் சேர்த்துக் குறியுங்கள். ராமேஸ்வரத்தில் இருப்பவர்கள் ஆடி அமாவாசை, தை அமாவாசையையும் சேருங்கள், தெருவில் கால் வைக்க இடமிருக்காது.

அவர்கள் விடுமுறையையும் குறித்து வையுங்கள். நவம்பர் நான்காவது வியாழனில் அமெரிக்காவில் நன்றி நவிலல் நாள், வெள்ளியும் பலர் வர மாட்டார்கள். ஆகஸ்ட்டில் ஐரோப்பாவில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் யாரும் இன்வாய்ஸைத் திறக்க மாட்டார்கள், பணம் வேண்டுமென்றால் மாத ஆரம்பத்திலேயே அனுப்புங்கள்.

"மணிக்கணக்கு வேலையில ஸ்க்ரீன்ஷாட் எடுக்குது. யாரோ பின்னாடி நின்னு பாக்குற மாதிரி இருக்கு."

அப்வொர்க்கின் டைம் டிராக்கர் ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும், சரிதான். அதற்கு ஈடாகத்தான் மணிக்கணக்குப் பணத்துக்குத் தளம் பாதுகாப்புத் தருகிறது, கையால் நேரம் எழுதிச் சேர்த்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. வேலைக்கு மட்டும் கணினியில் தனி யூசர் கணக்கு வையுங்கள், வாட்ஸ்அப் வெப் அதில் இருக்க வேண்டாம். பிடிக்கவே பிடிக்கவில்லை என்றால் மொத்தத் தொகை பேசும் வேலைகளுக்கு மாறுங்கள். வேகமாக வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் லாபமும். கிளையன்ட்டைத் தளத்துக்கு வெளியே கூட்டிப்போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டு வருடத்துக்குள் அப்படிச் செய்வது அவர்கள் விதிப்படி தப்பு, கணக்கையே மூடிவிடுவார்கள்.

"சோர்ஸ் ஃபைல் எல்லாம் கேக்குறாங்க. காசு குடுத்தவங்கதானே, குடுக்கணும்ல?"

சோர்ஸ் ஃபைல் என்றால் மறுபடி திருத்தக்கூடிய மூலக் கோப்பு. அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் கோட்டேஷனில் என்ன எழுதினீர்களோ அதன்படிதான். ஒன்றும் எழுதவில்லை என்றால் இரண்டு பக்கமும் வழக்காடலாம். நம் ஊர் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17ஆம் பிரிவுப்படி படைப்பின் முதல் உரிமையாளர் அதை உருவாக்கியவர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு இது பொருந்தாது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, வரையச் சொன்ன ஓவியம் போன்றவற்றுக்கும் விதிவிலக்கு உண்டு. உரிமையை மாற்றிக் கொடுப்பது கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மெல்போர்ன் கடைக்காரருக்கு இந்தியாவுக்குள் மட்டும் லோகோ உரிமை கிடைத்தால் அவருக்கு என்ன பயன்! ஆகவே "முழுப் பணமும் வந்த பிறகு, உலகம் முழுவதும், நிரந்தரமாக உரிமை உங்களுடையது" என்று தெளிவாக எழுதுங்கள். அவருடைய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்றால் அது எந்த நாட்டுச் சட்டப்படி என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

லோகோ என்றால் நான் சோர்ஸ் ஃபைலைக் கொடுத்துவிடுவேன், அவர் கடைப் பலகை அடிக்க அது வேண்டும். சமூக ஊடக டெம்ப்ளேட், புத்தக லேஅவுட் மாதிரி வேலைகளுக்குத் தனி விலை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஃபான்ட்டை மட்டும் கூடச் சேர்த்து அனுப்பாதீர்கள். அதன் லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது, அவர் தனியாக வாங்க வேண்டும்.

"வேலை முடிச்சுக் குடுத்து மூணு மாசம் ஆச்சு, மீதிப் பணம் வரல. கேஸ் போட முடியுமா?"

சின்னத் தொகைக்குக் கடல் தாண்டி வழக்குப் போடுவது கட்டுப்படியாகாது. முதலில் மரியாதையாக ஒரு நினைவூட்டல், அடுத்த வாரம் இன்வாய்ஸ் எண்ணும் தேதியும் குறிப்பிட்டு இன்னொன்று. பிறகு, 'பணம் வராத வரை உரிமை மாறவில்லை' என்ற வரியைச் சுட்டிக்காட்டி ஒரு மெயில். மேலே சொன்ன மாதிரி அந்த வரி எழுதப்பட்டிருந்தால்தான் இதற்குப் பலம். உங்கள் டிசைன் அமெரிக்காவில் இயங்கும் சர்வரில் இருக்கிறது என்றால், அந்த ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு டி.எம்.சி.ஏ. என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பி அதை நீக்கச் சொல்லலாம். வேலை செய்தது நீங்கள்தான், உரிமை உங்களிடம்தான் என்று உறுதியாக இருந்தால் மட்டும். முகநூலில் அவர் பெயரைப் போட்டுத் திட்டுவதால் பணம் வந்து நான் பார்த்ததில்லை.

"ரெண்டு வருஷமா ஒருத்தருக்கு எப்பக் கூப்பிட்டாலும் எடுத்துப் பழக்கிட்டேன். என் வருமானத்துல பாதி அவருதான். இப்பப் போயி எல்லைன்னா விட்டுட்டுப் போயிருவாருல்ல?"

போகலாம், அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. அதனால் வரிசை முக்கியம். முதலில் இன்னொரு கிளையன்ட்டைப் பிடித்து இவருடைய பங்கைக் குறையுங்கள், பிறகு பேசுங்கள். அது வரை சின்னதாக ஒன்றைத் தொடங்கலாம்: இரவு 10 மணிக்கு மேல் வரும் செய்திக்குப் பதிலைக் காலையில் போடுவது. அறிவிப்பு ஏதும் வேண்டாம். பதிலில் மன்னிப்புக் கேட்காமல் நேராக வேலையைப் பற்றி எழுதுங்கள். அவர் கவனிக்கக்கூட மாட்டார்.

முறையாகச் சொல்ல நல்ல நேரம் புது வேலையோ புது வருடமோ தொடங்கும்போது. நடந்துகொண்டிருக்கும் வேலையின் நடுவில் விதியை மாற்றாதீர்கள். "ஏப்ரல் முதல் என் வேலை நேரம் இந்திய நேரம் காலை 10 முதல் இரவு 9 வரை. போன் கால்களை செவ்வாய், வியாழன் மாலைகளில் வைத்துக்கொள்கிறேன். உங்கள் நேரத்துக்கு எது வசதி என்று சொல்லுங்கள், அதை முதலில் உங்களுக்கு ஒதுக்குகிறேன்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினால் போதும். உடம்பு முடியவில்லை, வீட்டில் திட்டுகிறார்கள் என்று காரணம் அடுக்காதீர்கள். காரணம் சொன்னால் அதற்குத் தீர்வு சொல்ல ஆரம்பித்துவிடுவார். அவர் ஒத்துக்கொள்ளாமல் பேரம் பேசினால், வாரத்தில் ஒரு இரவு மட்டும் தாமதமான கால் என்று விட்டுக்கொடுக்கலாம், அதை மணிக்கணக்குக் கட்டணத்தில் சேர்த்து.